மூர்த்தி அண்ணன் கையில் இரண்டு போன்

போன மாதம் எங்கள் வீட்டு மீட்டர் ஓடாமல் நின்றுவிட்டது. ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன் வீட்டு மீட்டருக்கே இந்தக் கதி என்று என் மனைவி ஜெயந்தி சிரிக்க, நான் மரக்காணத்தில் பழைய கரண்ட் ஆபீசுக்கு நடந்தேன். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ரமேஷ் உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தான். மீதிப் பாதி எழ முடியவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு போன், வலது கையில் இன்னொரு போனில் குரூப்புக்குப் போட்டோ, கண் கம்ப்யூட்டரில். "சொல்லுங்கண்ணா" என்றான். வாயைத் திறந்தேன். "ஒரு நிமிஷம்ண்ணா" என்றான். திரும்பவும் "சொல்லுங்கண்ணா." திரும்பவும் "ஒரு நிமிஷம்." எனக்குக் கோபம் வந்தது. நான் கொஞ்சம் முன்கோபி, ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். "ஒரே பிஸிண்ணா. சாப்புடக்கூட நேரம் இல்ல. நான் இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றான். புலம்பல்தான், ஆனால் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமையை நான் இன்னொருவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் கோபம் போய்விட்டது.

அவன்தான் கேட்டான், சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று. எழுதுகிறேன் ரமேஷ். மீட்டரையும் மாற்றிக் கொடு.

என் அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். என்னையும் வரச்சொன்னார். வெயிலில் பாத்திக்குள் நிற்க எனக்கு உடம்பு வணங்கவில்லை. ஐ.டி.ஐ. படித்தேன், ஹெல்பராகச் சேர்ந்தேன், ஏணி பிடித்தேன், குழி தோண்டினேன், கம்பம் ஏறக் கற்றேன், வயர்மேன் ஆனேன். அவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. கடைசியில் வேலை கிடைத்ததும் அதே உப்பளத்தில்தான். அப்பா பாத்தியில் நிற்பார், நான் அதே பாத்திக்கு மேலே கம்பத்தில் நிற்பேன். "வெயிலுக்குப் பயந்து ஓடுனவன் வெயிலுக்கு இன்னும் கிட்டக்கப் போயிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் கரண்ட் வேலை மற்ற ஊர் மாதிரி இல்லை. காற்றிலேயே உப்பு. கம்பியைத் தாங்கும் பீங்கானில் உப்பு படிந்து தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். விடியற்காலைப் பனி அதில் இறங்கினால் அந்த ஈர உப்பு வழியாகவே கரண்ட் கசியும், உஸ்ஸென்று சத்தம் வரும், லைன் ட்ரிப் ஆகும். அதனால் பீங்கானைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. சப்ஸ்டேஷனில் லைனைப் போட்டதும் ட்ரிப் ஆனால் மற்ற ஊரில் என்ன ஏது என்று தேடுவார்கள். இங்கே தேட மாட்டோம். முதல் தடவை உப்பு எரியும், இரண்டாவது தடவை லைன் விழாமல் நிற்கும். போடு, விழுந்தால் திரும்பப் போடு, அவ்வளவுதான். இது எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். யாரும் தப்பென்று நினைத்ததில்லை.

எங்கள் ஃபோர்மேன் தட்சிணாமூர்த்தி. நாங்கள் மூர்த்தி அண்ணன் என்போம். குட்டையான மனிதர், சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் டெஸ்டர். ஆள் மேலே ஏறிவிட்டால் அவர் கீழே கம்பத்தில் ஒரு கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆள் இறங்குகிற வரைக்கும் அந்தக் கை எடுபடாது. வெற்றிலை போட மாட்டார், பேச மாட்டார். "கம்பம் அதிர்ந்தா கைக்குத்தாண்டா மொதல்ல தெரியும். உன் கால் நடுங்குனாக்கூட எனக்குத் தெரியும்" என்பார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், சொல்லாமல் ஏறிவிட்டேன். பாதியில் நிற்கும்போதே கீழிருந்து, "ஏம்பா ஏழுமலை, எறங்கு. உடம்பு சரியில்லாம இன்னாத்துக்கு ஏறுன?" என்றார். கம்பத்தைத் தொட்டே காய்ச்சல் பார்த்த மனிதர் அவர்.

ஒருமுறை ஒரு உப்பள முதலாளி புல்லட்டில் வந்து இறங்கினார். பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. "ஏன்யா, எப்ப கரண்ட் வரும்?" பதில் இல்லை. "உன்னத்தான்யா கேக்கறேன்." பதில் இல்லை. மூர்த்தி அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "காது செவுடா?" என்று கத்தினார். ஹெல்பர் பாபுதான் அவர் அருகே போய், "மேல ஆள் இருக்குதுங்க, எறங்குனதும் பேசுவாரு" என்று மெதுவாகச் சொன்னான். நான் இறங்கினேன். அண்ணன் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாங்க மொதலாளி, வந்து ரொம்ப நேரம் ஆச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மேலதிகாரிகளிடம் போய் அவர்மேல் புகார் கொடுத்தார் முதலாளி. அந்தப் புகாரைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ரொம்ப நாள் சிரித்தோம்.

மேலே ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்.சி. வாங்குவது. எல்.சி. என்றால் லைன் கிளியர். இந்த லைனை அணைத்துவிட்டேன், நீங்கள் திருப்பிச் சொல்லும் வரை போட மாட்டேன் என்று சப்ஸ்டேஷன்காரர் கொடுக்கும் வாக்கு. வாங்கினவர் யாரோ அவரேதான் திருப்ப வேண்டும். ஆளெல்லாம் இறங்கியாயிற்று, ரிட்டர்ன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் சப்ஸ்டேஷனில் சலீம் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், இரண்டு தம்பிகள் துபாயில். "நானும் போயிருப்பேன், இந்த ஸ்விட்ச வுட்டுட்டு எப்படிப் போறது?" என்று கேலியாகச் சொல்வார். எல்.சி. வாங்கியாயிற்று என்றாலும் மூர்த்தி அண்ணன் சும்மா விடமாட்டார். எர்த் ராடை மூன்று கம்பியிலும் மாட்டி, மறுமுனையைத் தரையில் இறுக்கின பிறகுதான் தொட விடுவார். யாராவது தவறிப்போய் லைனைப் போட்டாலும் கரண்ட் ஆளைத் தொடாமல் அதன் வழியே மண்ணுக்குப் போகும். "பாய் மேல நம்பிக்க இல்லியாண்ணா?" என்று பாபு கேட்பான். "என் மேலயே நம்பிக்க இல்லடா" என்பார்.

இப்படி இருந்தவர்தான்.

பக்கத்து செக்‌ஷனில் ஃபோர்மேன் ரிட்டயர் ஆனார். புது ஆள் போடவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீயே பாத்துக்கோ" என்று அதையும் அண்ணன் தலையில் கட்டினார்கள். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. ஆபீசில் ஒரு போன் கொடுத்தார்கள், அவரிடம் சொந்தப் போன் ஒன்று. இரண்டு செக்‌ஷன் ஜனமும் அந்த இரண்டு போனில்தான். கரண்ட் இல்லை, கம்பி தொங்குகிறது, மரம் சாய்ந்தது, ஐஸ் ஃபேக்டரியில் மீன் கெடுகிறது, கல்யாண மண்டபத்தில் ஏசி ஓடவில்லை. பிறகு மெசேஜ் குரூப் வந்தது. வேலைக்கு முன் ஒரு போட்டோ, வேலைக்குப் பின் ஒரு போட்டோ. போட்டோ வரவில்லை என்றால் மேலிருந்து போன்.

அவர் கஷ்டப்பட்டார் என்று எழுதினால் பொய். ஆரம்பத்தில் அவருக்கு அது பிடித்திருந்தது. "மூர்த்தி சாருக்கு ஒரு போன் போடு, உடனே எடுப்பாரு" என்று ஊரில் பேச்சு. அன்றைக்கு அவரைத் திட்டின அதே முதலாளி தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். நாங்களும் சும்மா இல்லை. "எங்கண்ணன் கலெக்டர் மாதிரி, ரெண்டு கையிலயும் போன்" என்று பாபு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கும் பெருமைதான். வேண்டப்பட்ட மனிதன் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை. ஆனால் அவர் சாப்பிடுவது பாதியில் நின்றது. நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார், அரைமணி கழித்து அதையே முதல் தடவை மாதிரி கேட்பார். கம்பத்துக்குக் கீழே வந்து நிற்பார், நிற்பதை விடவில்லை. கை மட்டும் கம்பத்தில் இல்லை. கை இரண்டுதானே, போனும் இரண்டு இருந்தது.

ஒருநாள், உப்பு வாருகிற காலம். காலை வெயில் ஏறி உப்புக் குவியல் எல்லாம் கண்ணைக் கூச வைத்தது. இரண்டு இடத்தில் வேலை. உப்பளத்து லைனில் பீங்கான் துடைக்க நானும் பாபுவும். கடற்கரை லைனில் வேறு நான்கு பேர். இரண்டுக்கும் எல்.சி. வாங்கியவர் மூர்த்தி அண்ணன். அவர் எங்களோடு இருந்தார். நான் எர்த் ராடு மாட்டி, பெல்ட்டை இறுக்கி, துடைக்கத் தொடங்கினேன். கீழே பாத்தியின் வரப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வரப்பைத் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீர்.

போன் அடிப்பதும் அவர் பேசுவதும் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று. "எறங்கிட்டாங்க பாய், எல்லாரும் எறங்கிட்டாங்க" என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. கடற்கரை லைனில் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததும் சரிதான். அங்கே முடிந்துதான் இருந்தது. அதற்குமேல் பேசினது காற்றில் போயிற்று.

என்ன பேசினார் என்று பிறகு சலீம் பாய் சொல்லித் தெரியும். வலது காதில் பாய். இடது காதில் யாரோ உப்பளத்துக்கு எப்போது கரண்ட் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்கரை லைன் ரிட்டர்ன் என்று சொல்ல வேண்டிய வாய், இடது காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டது. "உப்பளத்து லைன் ரிட்டர்ன் பாய், போடு."

"நல்லாப் பாத்துட்டியா மூர்த்தி?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"நான் இங்கதானே பாய் நிக்கறேன்" என்றிருக்கிறார் அண்ணன்.

என் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. வெள்ளை வெளிச்சம், பிறகு எதுவும் கேட்கவில்லை, வாயில் செம்புக் காசைக் கடித்த மாதிரி ருசி. கை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. உயிரோடு இருக்கிறேன் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. எர்த் ராடு என்னைக் காப்பாற்றிவிட்டது. கரண்ட் அதன் வழியே மண்ணுக்குப் போய், சப்ஸ்டேஷனில் லைன் ட்ரிப் ஆகியிருந்தது. அப்பாடா என்று ராடைப் பார்த்தேன். கொக்கி மூன்றும் கருகி, ராடு கழன்று கீழே விழுந்து கிடந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. இங்கே ட்ரிப் ஆனால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? முதல் தடவை உப்பு எரியும், இரண்டாவது தடவை போடுவார்கள். இப்போது பாய் போடுவார். இந்தத் தடவை எர்த் ராடு இல்லை. கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே நான்தான் இருந்தேன். பெல்ட்டைக் கழற்ற விரல் மடங்கவில்லை. ஜெயந்தி காலையில் மீன் வாங்கி வரச் சொன்னது ஞாபகம் வந்தது. சாகப்போகிறவனுக்குச் சாமி ஞாபகம் வரும் என்பார்களே, எனக்கு மீன் ஞாபகம்தான் வந்தது.

கீழே பார்த்தேன். வெடித்த அதிர்ச்சியில் அண்ணன் கையிலிருந்து இரண்டு போனும் விழுந்து உப்புத் தண்ணீருக்குள் போயிருந்தன. அவர் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். செத்துப்போயிருந்தது. பாபுவின் போன் தூரத்து மோட்டார் கொட்டகையில். அவன் வரப்பில் விழுந்து எழுந்து ஓடினான். அண்ணன் வந்து கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தார். லைன் திரும்ப வந்தால் அந்தக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவருக்கும் ஆபத்துதான், அது அவருக்குத் தெரியாதா. "அண்ணா, கைய எடு" என்று கத்தினேன். அவர் எடுக்கவில்லை. "வா ஏழுமல. மெதுவா வா. நான் புடிச்சிருக்கேன் வா" என்றார். பல்லால் வாரைக் கடித்து இழுத்துப் பெல்ட்டைக் கழற்றினேன். எப்படி இறங்கினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. கடைசிப் படியில் கால் நழுவி அவர் மேலேயே விழுந்தேன். இருவரும் உப்புத் தண்ணீரில் கிடந்தோம். அவர் என் நெஞ்சில் கை வைத்தபடியே அழுதார்.

லைன் வரவே இல்லை.

பாய் ஏன் திரும்பப் போடவில்லை? சாயங்காலம் அவரே சொன்னார். "ட்ரிப் ஆனதும் கை தன்னால ஸ்விட்ச்சுக்குப் போச்சு. மூர்த்தின்னு கூப்ட்டேன். பதில் இல்ல. மேசையில வேற போனெல்லாம் அடிச்சிக்கினே இருக்குது, ஐஸ் ஃபேக்டரி, ஆபீஸு, எவனெவனோ. ஒண்ணயும் எடுக்கல. பேசிட்டிருந்த ஆளு பாதியில நின்னுட்டான், அவன் பதில் சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்னு உக்காந்துட்டேன். அல்லா காப்பாத்தினான்." அல்லாவும் காப்பாற்றினான், பாயும் காப்பாற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பாய் வீட்டில்தான் எனக்குக் கஞ்சி.

மூர்த்தி அண்ணன் அன்றைக்கே ஈரத் துணியோடு ஆபீசுக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். லைனில் உப்புக் கோளாறு என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விசாரணை வைத்தார்கள், தண்டனையும் வந்தது, வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டார். இரண்டு செக்‌ஷன் பார்த்த மனிதருக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுத்தீர்களா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "நீ சும்மா இருய்யா" என்றார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் மூர்த்தி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் இரண்டு கையிலும் கட்டு. ஜெயந்தி டீ கொடுத்தாள். அவள் அழவும் இல்லை, அவரைத் திட்டவும் இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து ஒன்று மட்டும் கேட்டாள்.

"அண்ணா, அந்த இன்னொரு போன்ல யாரு?"

அவர் யோசித்தார். "உப்பளம்னு கேட்டாங்கம்மா. ஆம்பளையா பொம்பளையான்னு... தெரியலம்மா. ஞாபகம் வரல."

போன் இரண்டும் உப்புத் தண்ணீரில் வீணாகிப் போனதால் பார்க்கவும் வழியில்லை. அதற்கப்புறம் அவர் ஒரு செக்‌ஷன் மட்டும் பார்த்தார். வேலை நடக்கும் இடத்தில் உப்பு வாருகிற பெண்கள் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் போனைக் கொடுத்து, "ஆள் எறங்கற வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதம்மா" என்று முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்வார். முடிச்சுக்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கும், அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். போட்டோ தாமதமாகப் போனதற்கு மேலே திட்டு வாங்கினார், வாங்கட்டும் என்று இருந்துவிட்டார்.

ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. உப்பள முதலாளிகளை ஒவ்வொருவராகக் கேட்டார். மோட்டார் போடும் ஆட்களைக் கேட்டார். அன்றைக்குக் காலையில் நீ எனக்குப் போன் பண்ணினாயா? ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. "பண்ணியிருப்பேன் சார், தெனமும் பண்றதுதானே" என்றார்கள். ஒருவேளை வீட்டிலிருந்துதானோ என்று மனைவியைக்கூடக் கேட்டார். ரிட்டயர் ஆன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் என் பெண் கல்யாணத்துக்கு வந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம், நடை தளர்ந்துவிட்டது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே ஒரு உப்பளக்காரர் உட்கார, அவரிடமும் ஆரம்பித்துவிட்டார். "ஏம்பா, ரொம்ப வருஷம் முன்ன ஒருநாள் காலையில, உப்பளத்துக்கு எப்ப கரண்ட் வரும்னு..."

ஜெயந்தி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். "விடுங்கண்ணா. இவருதான் இதோ நல்லா உக்காந்து சாப்புடறாரே. இன்னும் அது யாருன்னு தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது?"

"அதில்லம்மா" என்றார் மூர்த்தி அண்ணன். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு இவன் செத்துப்போயிருந்தாக்கூட, நான் யாருகிட்ட பேசிட்டிருந்தேன்னு உங்கிட்ட சொல்ல எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

பின்னால் யாரோ ரசம் ரசம் என்று கூப்பிட்டார்கள். ஜெயந்தி திரும்பாமல் அங்கேயே நின்று, அவர் சோற்றைப் பிசைந்து முதல் வாய் சாப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.